ஓட்டல் வாசலில் நிற்கும் பயம்



சம்பள நாளன்று மாலையில் ராஜபாளையத்தில் ஒரு ஓட்டல் வாசலில் நடந்த ஒரு சிறு விஷயத்தைப் பற்றி இவ்வாரம் எழுத விரும்புகின்றோம். சோற்றைப் பற்றியும் தோசையைப் பற்றியும் எழுதுவது ஒரு பிரசாரமா என்று சிலர் பரிகாசம் செய்யக்கூடும். முழுவதையும் படித்துவிட்டுப் பிறகு பரிகாசம் செய்யட்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அடுத்த ஒரு கிராமத்து வாலிபர் ஒருவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை செய்கிறார். நம் கூட்டங்களுக்குத் தவறாமல் வருபவர். கடவுளைப் பற்றியும் புராணத்தைப் பற்றியும் யார் கேள்வி கேட்டாலும் சளைக்காமல் பதில் சொல்லக்கூடியவர். அன்று அவரையும் அழைத்துக்கொண்டு சாப்பிடப் போனோம். உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"என்ன தம்பி, உள்ளே வரலையா?" என்றோம்.

"நீங்க சாப்பிடுங்க அண்ணாச்சி. நான் பார்சல் வாங்கிட்டுப் போயிருதேன்" என்றார்.

"ஏன், பசிக்கலையா?"

"பசிக்கு. ஆனா எங்கன உக்காரணும், என்ன கேக்கணும்னு தெரியல. ஏதாவது தப்பாச் செஞ்சா சிரிப்பாங்க."

கடவுளுக்குப் பயப்படாத மனிதர் ஓட்டல் மேஜைக்குப் பயப்படுகிறார்! சட்டைப் பையில் அவர் உழைத்துச் சம்பாதித்த பணம் இருக்கிறது. அவரை வெளியே போகச் சொன்னவர் எவருமில்லை. அப்படியிருந்தும் கால் உள்ளே போக மறுக்கிறதென்றால், அந்தப் பயம் அவருடைய சொந்தப் பயமா? இல்லவே இல்லை. அது அவருடைய பாட்டனும் முப்பாட்டனும் பட்ட அவமானம் பிள்ளைகளுடைய காலில் வந்து தங்கியிருப்பதேயாகும்.

சாப்பிடும் இடத்தில் மனிதனுக்கு மனிதன் தாழ்ந்தவன் என்று காட்டுவது இந்நாட்டில் நேற்று இன்று ஏற்பட்டதல்ல. சேரன்மாதேவி குருகுலத்திற்குக் காங்கிரசுப் பணம் ஐயாயிரம் ரூபாய் கொடுக்கப்பட்டது. ஆனால் அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனி இடத்தில் சாப்பாடு நடந்தது. தேசபக்தி கற்பிக்கும் இடத்திலேயே இந்தக் கதியென்றால் மற்ற இடத்தைக் கேட்க வேண்டுமா? 1925-ம் வருஷத்தில் நாடு முழுதும் அதைப் பற்றிப் பெரிய கிளர்ச்சி நடந்தது. ரயில் ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளிலே பிராமணர்களுக்கு ஓரிடம், மற்றவர்களுக்கு வேறிடம் என்று இருந்தது. ஒரே டிக்கட், ஒரே வண்டி, ஒரே பசி, ஆனால் உட்காரும் இடம் மட்டும் இரண்டு! பெரியார் ஈ.வெ.ரா. அவர்கள் நடத்திய கிளர்ச்சியின் பேரில் 1941-ம் வருஷத்தில்தான் அது ஒழிந்தது. அதன் பிறகும் ஓட்டல் பலகைகளில் "பிராமணாள்" என்ற எழுத்து நிற்கவே செய்தது. 1957-ம் வருஷத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டலின் முன் நாள்தோறும் மறியல் செய்து, பல தோழர்கள் சிறைக்குப் போன பிறகே அந்த எழுத்து அழிந்தது.

ஓட்டல் இருக்கட்டும். ஓட்டலுக்குப் போகும் பஸ் யாருக்குச் சொந்தமாயிருந்தது? ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அந்தக் காலத்தில் ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தவை. அந்த ஜில்லாவில் ஆதிதிராவிடர்களைப் பஸ்ஸில் ஏற்ற மறுத்து வந்தார்கள். தோழர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அவர்கள் ஜில்லா போர்டுத் தலைவராக வந்து, ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் போய்விடும் என்று உத்தரவு போட்ட பிறகுதான் பஸ்காரர்களுக்கு எல்லோரும் மனிதர்களாகத் தெரிந்தார்கள்! இன்றைக்கு நம் வாலிபர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து ராஜபாளையத்திற்கு வருகிறாரென்றால், அந்த இடம் ஒருவர் போராடி வாங்கிக் கொடுத்த இடம் என்பதை அவர் அறிய வேண்டாமா?

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ என்னும் நகரத்தில் கறுப்பு மாணவர் நால்வர் 1960 பிப்ரவரி 1-ந் தேதி, வெள்ளையருக்கென்று வைத்திருந்த சிற்றுண்டி மேஜையில் போய் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். கொடுக்க மறுத்தார்கள். மாணவர்கள் அடிக்கவுமில்லை, வையவுமில்லை. எழுந்திருக்கவுமில்லை. மறுநாள் மேலும் பலர் வந்து உட்கார்ந்தார்கள். அவ்வருஷம் ஜூலை மாதத்திலேயே அந்தக் கடை வழிக்கு வந்தது. ஒரு நாற்காலியில் பயமில்லாமல் உட்காருவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

ஆகையால் நாம் அன்று அவ்வாலிபரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய் நடு மேஜையில் உட்கார வைத்தோம். ஓட்டலில் நடந்துகொள்வதற்கு ஒரு சாஸ்திரமும் கிடையாது. என்ன இருக்கிறது என்று கேட்கலாம். விலை என்ன என்று கூசாமல் கேட்கலாம். பெயர் புரியாவிட்டால் அது என்ன பண்டம் என்று கேட்கலாம். தோசை ஆறிப்போய் வந்தால் வேறு சூடாகக் கொண்டுவரச் சொல்லலாம். தெரியாததைக் கேட்பதில் என்ன வெட்கம்? நாமும் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர்களல்ல. கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டோம். ஆனால் ஒன்று. பரிமாறுகிறவரை "ஏய், வாடா" என்று கூப்பிடுகிறவனுக்குச் சுயமரியாதையைப் பற்றிப் பேச யோக்கியதை இல்லை. அவரும் சம்பளத்திற்கு உழைக்கும் தொழிலாளியே. மேலே இருப்பவன் நமக்குச் செய்ததை நாம் கீழே இருப்பவனுக்குச் செய்வதற்குப் பெயர் சுயமரியாதையா?

இனி, பக்தர்களைப் பார்த்து ஒரு கேள்வி. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை நாக்கில் வைத்துக் கொண்டாடாதவர்கள் யார்? 2019-ம் வருஷத்தில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பசும்பாலையும் சர்க்கரையையும் சட்டியிலிட்டு நெருப்பில் வெந்து கிளறுகிறவர்கள் தொழிலாளிகள். மாட்டைக் கறந்தது யார், பாலைச் சுமந்தது யார், சட்டியைக் கிளறினது யார் என்று எவராவது ஜாதி கேட்டு வாங்குகிறார்களா? கேட்டால் பால்கோவா கிடைக்குமா? அதே மனிதர் கறந்தவர் வீட்டுத் தண்ணீரைக் குடிக்க மட்டும் யோசிக்கிறார். அன்றியும் அவ்வூர்க் கதைப்படி, ஆண்டாள் தான் சூடிக் களைந்த மாலையைத்தான் பெருமாள் வேண்டுமென்று கேட்டு வாங்கினாராம். கதையை நாம் நம்பவில்லை. நம்புகிறவர்களைக் கேட்கிறோம்: ஒரு பெண் சூடின மாலையால் கடவுளுக்கே தீட்டில்லையென்றால், ஒரு மனிதன் குடித்துக் கழுவின டம்ளரால் உங்களுக்கு எப்படித் தீட்டு வந்தது?

கேள்வி அவர்களுக்கு மட்டுமல்ல, நமக்குந்தான். பிராமணாள் பலகையை எடுக்கச் சொன்ன நம்மவர்களில் எத்தனை பேர், தம் கிராமத்துத் தேநீர்க் கடையில் தனி டம்ளர் வைத்திருப்பதைக் கண்டு வாய் திறந்தார்கள்? 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டம், ஓட்டலிலும் கடையிலும் ஜாதி பார்க்கக்கூடாது என்கிறது. 1955-ல் வந்த சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. அப்படியிருந்தும் இரட்டை டம்ளர் வழக்கம் சில கிராமங்களில் ஒழிந்தபாடில்லை. சிலவிடங்களில் அது தந்திரமாகக் காகிதக் கப்பாக மாறியிருக்கிறது. மேலே இருப்பவனிடம் சமத்துவம் கேட்டு, கீழே இருப்பவனுக்கு அதை மறுப்பது எந்த நியாயம்?

"ஓட்டலுக்குப் போவது வீண் செலவு" என்று சில தோழர்கள் சொல்லலாம். தினம் போகச் சொல்லவில்லை. திருவிழாவிற்கும் மொட்டைக்கும் காப்புக்கும் செலவழிக்கிற பணத்தில் நூற்றில் ஒரு பங்கை எடுத்து, மாதம் ஒரு தடவை போகச் சொல்லுகிறோம். போகும்போது தனியே போகாதீர்கள். வீட்டுப் பெண்களை அழைத்துக்கொண்டு போங்கள். பிறந்தது முதல் பிறருக்குப் பரிமாறிவிட்டு, மிஞ்சினதை அடுப்படியில் உட்கார்ந்து தின்கிறவர்கள் அவர்கள். ஒரு நாளாவது அவர்கள் உட்கார, மற்றொருவர் பரிமாறட்டும். தனக்கு என்ன பிடிக்கும் என்று அவர்கள் வாயாலேயே சொல்லட்டும்.

நிற்க, மேலே சொன்ன வாலிபர் அடுத்த மாதச் சம்பள நாளன்று தம் தாயாரைப் பஸ் ஏற்றி ராஜபாளையத்திற்கு அழைத்து வந்தார். அந்த அம்மாளும் அதே வாசற்படியில் நின்று, "இங்கன நாம உக்காரலாமாய்யா?" என்று கேட்டார்கள். "நாமதான் காசு குடுக்கோம். உக்காரும்மா" என்றார் மகன். அந்த அம்மாள் உட்கார்ந்து, இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அவருக்கு நாம் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுகிறோம். பட்டணத்தில் நம்மை எவருக்கும் தெரியாது. அங்கே தைரியமாய் உட்காருவது பாதி வேலையே. மீதி வேலை நம் ஊர்த் தேநீர்க் கடையில் இருக்கிறது. அங்கே யாருக்காவது தனி டம்ளர் இருந்தால், எல்லோருக்கும் ஒரே டம்ளர் வரும் வரையில் அக்கடையில் குடிப்பதில்லை என்று தோழர் ஒவ்வொருவரும், முக்கியமாய் அங்கே நல்ல டம்ளர் கிடைக்கிற தோழர்கள், உறுதி செய்துகொள்ள வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.