பயிற்சியின் பெயரால் ஒரு சுரண்டல்

நாட்டில் வேலை இருக்கிறது, வேலைக்கேற்ற திறன்தான் இளைஞர்களிடம் இல்லை என்று பெருமுதலாளிகளும் ஒன்றிய ஆட்சியாளர்களும் ஓயாமல் கூறி வருகின்றனர். வேலையின்மைக்கான பழியை வேலையற்றோர் தலையிலேயே சுமத்தும் இந்த வாதத்தின் பொய்ம்மையை உணர, ஒரு பாலிடெக்னிக் மாணவர் கடந்துவரும் பாதையை உற்றுநோக்கினாலே போதும்.

பத்தாம் வகுப்பைத் தாய்மொழியில் முடித்து, மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் சேர்வோரில் பலர் சிறு விவசாயிகள், கைவினைஞர்கள், கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள். விரைவில் சம்பாதித்தாக வேண்டிய குடும்ப நெருக்கடியே அவர்களை அங்கே அனுப்புகிறது. முதல் நாளே ஆங்கிலப் பாடநூல் அவர்களை மிரட்டுகிறது. பல அரசு நிறுவனங்களில் விரிவுரையாளர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன. தொகுப்பூதிய ஆசிரியர்களைக் கொண்டு வகுப்புகள் ஓட்டப்படுகின்றன. பணிமனையில் ஓடும் ஒரே லேத்தைச் சுற்றி ஒரு வகுப்பே நிற்கிறது. கையால் செய்து பழகும் முன்பே, செய்முறையை ரெக்கார்டு நோட்டில் பார்த்தெழுதப் பழகிவிடுகிறார் மாணவர்.

இதற்கு யார் பொறுப்பு? நாட்டின் வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று கோத்தாரி கல்விக் குழு 1966-லேயே பரிந்துரைத்தது. 2020-ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையும் அதே இலக்கை மீண்டும் எழுதிவைத்தது. இலக்கு ஏட்டில் இருக்கிறது. நிதி வந்து சேரவில்லை. இயந்திரமும் ஆசிரியரும் தர மறுத்தவர்களே, மாணவரிடம் திறன் இல்லை என்கின்றனர்!

பட்டயம் பெற்றபின் நிகழ்வது இன்னும் கொடிது. நிரந்தர வேலைக்குத் தகுதியற்றவர் எனப்பட்ட அதே இளைஞருக்கு, ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில் ஆலையின் கதவு திறக்கிறது. பல ஆலைகளில் அவர் நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்தில், அதே உற்பத்தி வரிசையில், அதே வேகத்தில் உழைக்கிறார். அவர் கைபட்ட பொருள் சந்தையில் முழு விலைக்கே விற்கப்படுகிறது. திறனின்மை அவருடைய சம்பளச் சீட்டில் மட்டுமே தென்படுகிறது. 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் அவருக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச மாத உதவித்தொகை 8,000 ரூபாய். அதிலும் பாதியை அரசுக் கருவூலமே ஏற்றுக்கொள்ள வழி செய்யப்பட்டுள்ளது.

இந்தச் சுரண்டலுக்குச் சட்டமே அரணாக நிற்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சியாளர் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, பயிற்சியாளர் தொழிலாளி அல்லர், தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்று அறுதியிட்டுக் கூறுகிறது. மோடி அரசு பதவியேற்ற 2014-ஆம் ஆண்டிலேயே இச்சட்டம் மேலும் வளைக்கப்பட்டது. பயிற்சியாளரின் வேலை நேரத்தைத் தீர்மானிப்பது முதலாளியிடம் விடப்பட்டது. சட்டத்தை மீறும் முதலாளிக்கான சிறைத் தண்டனை நீக்கப்பட்டு வெறும் அபராதமாயிற்று. பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பதும் அவரவர் நிறுவனத்தின் சொந்தக் கொள்கையாயிற்று. தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் ‘தொழிலாளி’ என்ற வரையறையிலிருந்து பயிற்சியாளரை விலக்கியே வைத்திருக்கிறது.

அனுபவமாவது கிடைக்கிறதே எனச் சிலர் சமாதானம் சொல்லலாம். ஓராண்டு முடிந்ததும் அவரை வெளியேற்றிவிட்டு, அதே இடத்தில் இன்னொரு பயிற்சியாளரை நிறுத்தும் ஆலையில் அந்த அனுபவத்துக்கு என்ன மதிப்பு? பணியிடம் நிரந்தரமாக இருக்கிறது. ஆள் மட்டுமே தற்காலிகம். 2024 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட உள்ளகப் பயிற்சித் திட்டம், ஐந்தாண்டுகளில் ஒரு கோடிப் பேரை 500 பெரும் நிறுவனங்களுக்கு மாதம் 5,000 ரூபாய்க்கு அனுப்புவதாகக் கூறியது. வேலை கேட்ட இளைஞருக்குக் கிடைத்த பதில், மற்றுமொரு பயிற்சி!

நிரந்தரத் தொழிலாளி இதை வேறொருவர் பிரச்சினையாகக் கருதினால், அதனால் பயனடைவது மூலதனமே. உரிமையற்ற உழைப்பு ஆலைக்குள் பெருகப் பெருக, உரிமை பெற்றோரின் பேரம் பேசும் வலிமை சரியும். ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் பயிற்சியாளரின் கோரிக்கையையும் சங்கங்கள் முன்வைத்தாக வேண்டும். மாணவர் அமைப்புகளும் வளாகத்திலிருந்து ஆலை வாயில் வரை இந்த இளைஞர்களைப் பின்தொடர்ந்து செல்ல வேண்டும்.

காலிப் பணியிடங்களை நிரப்பு! பணிமனைகளுக்கு நிதி ஒதுக்கு! உற்பத்தியில் ஈடுபடும் பயிற்சியாளருக்குத் தொழிலாளி என்ற அங்கீகாரமும் சம வேலைக்குச் சம ஊதியமும் வழங்கு! இம்முழக்கங்கள் பாலிடெக்னிக் வளாகங்களிலும் ஆலை வாயில்களிலும் ஒருசேர ஒலிக்கட்டும்.