முடிவு யார் கையில்?

கடந்த டிசம்பர் விடுமுறையில் நான் ஒரு 'கேம்' விளையாடினேன். இந்த முதல் வரியோடு சில உம்மாமார் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். இதில் யாரும் யாரையும் சுடவில்லை. காரோட்டப் போட்டி இல்லை, புள்ளிகளும் இல்லை. ஒரு மனைவி கணவனுக்கு மெசேஜ் அனுப்புகிறாள், கணவன் பதில் அனுப்புகிறான். அவ்வளவுதான். ஆனால் அதை விளையாடிய நாட்களில் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அதன் பெயர் 'பெரி மீ, மை லவ்'. 2017 ஒக்டோபரில் கைத்தொலைபேசிகளுக்காக வெளிவந்தது. செய்தவர்கள் பிரான்ஸ்காரர்கள். 'என்னைக் கபுரில் வை, அன்பே' என்று பெயரைத் தமிழில் சொல்லலாம். கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் சிரியா, லெபனான் பக்கத்தில் இது அன்பாகச் சொல்லும் பேச்சு. எனக்கு முன்னால் நீ போய்விடாதே, உன் கையால்தான் நான் அடக்கமாக வேண்டும் என்பது கருத்து. நாம் பேசும் 'கபுர்' என்ற சொல்லின் வேர்தான் அந்த அரபு வார்த்தையிலும் இருக்கிறது.

கதை இதுதான். சிரியாவின் ஹொம்ஸ் நகரிலிருந்து நூர் என்ற இளம் பெண் ஐரோப்பாவை நோக்கித் தனியே புறப்படுகிறாள். கணவன் மஜ்த் கூடப் போக முடியாது. தாயையும் பாட்டனாரையும் பார்த்துக்கொள்ள அவன் ஊரில் நிற்க வேண்டும். கேமில் நாம் நூர் அல்ல, மஜ்த். திரை முழுவதும் வட்ஸ்அப் போல ஓர் உரையாடல். எந்தப் பக்கம் போவது, இந்த ஆளை நம்பலாமா, இருக்கிற காசை எதற்குச் செலவழிப்பது என்று அவள் கேட்பாள். நமக்கு முன் சில பதில்கள் வரும், ஒன்றைத் தொட வேண்டும். அதைப் பொறுத்து அவளுடைய மனநிலை மாறும், கையிலுள்ள பணம் மாறும், பாதை மாறும். அவள் போகக்கூடிய இடங்கள் 50. கதைக்கு 19 முடிவுகள். எல்லா முடிவிலும் அவள் போய்ச் சேர்வதில்லை.

எனக்குப் பிடித்தது, அவள் நாம் ஆட்டும் பொம்மையாக இல்லாததுதான். நாம் ஒன்றைச் சொல்ல, அவள் தன் புத்திப்படி வேறொன்றைச் செய்யும் இடங்கள் உண்டு. இன்னொன்று, அவள் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போனால் மணிக்கணக்காகச் சத்தமே இருக்காது. நாம் சமைக்க உதவலாம், தொழலாம், பாஸ்ட் பேப்பர் செய்யலாம். திடீரென்று போன் அடிக்கும்: நூர் வந்துவிட்டாள். காத்திருக்க விரும்பாதவர்களுக்கு வேகமாக ஓட்டும் வசதியும் இருக்கிறது. நானா அதைத்தான் பாவித்தார். நான் பாவிக்கவில்லை.

இது முழுக்கக் கற்பனையும் இல்லை. சிரியாவை விட்டு வந்த ஒரு பெண் வழியில் தன் குடும்பத்தோடு பரிமாறிய வட்ஸ்அப் செய்திகளை பிரான்ஸின் 'லு மொண்ட்' பத்திரிகை வெளியிட்டது. அதைப் படித்தவர்கள்தான் இந்தக் கேமைச் செய்தார்கள். அந்தப் பெண்ணும் அவர்களுக்கு உதவினார்.

வாப்பாவிடம் சொன்னேன். "கதை வேணுமெண்டா லைப்ரரிக்குப் போங்க மகள்" என்றார். போகிறேன்தான். ஒரு நாவலில் யாராவது செத்தால் அழுதுவிட்டுப் புத்தகத்தை மூடுவேன். எழுதியவர் சாகடித்தார், நான் என்ன செய்ய? ஆனால் நூர் ஒரு தவறான வழியில் போனபோது, அந்த வழியைச் சொன்னது என் விரல். இரவு படுக்கையில் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாவலை விட இது உயர்ந்தது என்று சொல்லவரவில்லை. நாவல் கேட்காத ஒரு கேள்வியை இது கேட்கிறது.

இந்த வகைக் கேம்கள் நிறைய இருக்கின்றன. எல்லாம் தரமானவை என்றும் சொல்லமாட்டேன். 2015இல் வந்த 'லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' ஐந்து பாகங்கள் கொண்டது. நேரத்தைப் பின்னோக்கித் திருப்பும் சக்தியுள்ள ஒரு மாணவியின் கதை. வழி நெடுக நூற்றுக்கணக்கில் தெரிவுகள் செய்வோம். கடைசியில் எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: சிநேகிதியைக் காப்பாற்றுவதா, ஊரைக் காப்பாற்றுவதா? அதற்கு முன்பு நாம் நல்லவராக இருந்தோமா கெட்டவராக இருந்தோமா என்பது அந்தக் கேள்வியை மாற்றுவதே இல்லை. 'மாஸ் இஃபெக்ட் 3' 2012இல் வெளிவந்தபோது இதனால்தான் பெரிய சண்டை வந்ததாம். மூன்று கேம்களாகத் தொடர்ந்த கதையில் வருடக்கணக்காகத் தாங்கள் செய்த தெரிவுகள் முடிவில் தெரியவில்லை என்று விளையாடியவர்கள் கொதித்தார்கள். நிறுவனம் அதே வருடம் முடிவை விரித்து, இலவசமாகத் திரும்ப வெளியிட வேண்டி வந்தது. ஒரு கதையின் கடைசி சரியில்லை என்று வாசகர்கள் எழுத்தாளரிடம் போய்த் திருத்தச் சொன்ன மாதிரி! எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவும் தோன்றியது.

போலந்தில் செய்த 'திஸ் வோர் ஒஃப் மைன்' என்ற இன்னொன்றை நான் விளையாடவில்லை, அது பெரியவர்களுக்கானது. சரயேவோ நகர முற்றுகையை நினைவில் வைத்துச் செய்தது. அதில் நாம் சிப்பாய் அல்ல, உணவும் மருந்தும் இல்லாமல் ஒரு உடைந்த வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் சாதாரண மக்கள். பக்கத்து வீட்டு வயோதிபர்களின் சாப்பாட்டைத் திருடுவதா, பட்டினி கிடப்பதா என்று தீர்மானிக்க வேண்டி வரும். 2020இல் போலந்து அரசாங்கம் இதை உயர்வகுப்பு மாணவர்களுக்கான வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. பெற்றோர் கவனத்துக்காக இதைச் சொல்கிறேன். எவ்வளவு நேரம் விளையாடினாய் என்று நம் வீடுகளில் கேட்கிறார்கள். எதை விளையாடினாய், அதில் என்ன செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை. ஓர் இடத்தில் பிள்ளை திருடியிருந்தால், ஏன் திருடினாய் என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பேச்சு டியூஷன் வகுப்பில் கிடைக்காது.

தமிழில் 'முடிவு' என்றால் தீர்மானமும்தான், கதையின் கடைசியும்தான். ஒரே சொல். நானாவுக்கும் எனக்கும் சண்டை வந்தது இந்தச் சொல்லில்தான். நான் ஒரு தடவை விளையாடினேன். எனக்குக் கிடைத்த முடிவை இங்கே எழுதமாட்டேன், விளையாட விரும்புகிறவர்களுக்கு அது நன்றாக இருக்காது. நல்ல முடிவில்லை என்று மட்டும் சொல்கிறேன். அதோடு நிறுத்திவிட்டேன். திரும்ப ஆரம்பித்து, முதலில் சொன்னதை மாற்றிச் சொன்னால், முதலாவது நூருக்கு என்ன மதிப்பு? அழித்துத் திரும்ப எழுதக்கூடிய ஒன்றைத் தீர்மானம் என்று எப்படிச் சொல்வது?

நானா கெம்பஸில் கணினி படிக்கிறார். 19 முடிவையும் பார்க்கும் வரை விடவில்லை. "நீங்க பிழையா விளங்கி வெச்சிருக்கீங்க" என்றார். "ஒருதரம் விளையாடின ஆள், நான் பிழையாச் சொல்லிட்டேன் எண்டு தன்னையே ஏசும். பத்துத்தரம் விளையாடினாத்தான் விளங்கும், எவ்வளவு யோசிச்சுச் சொன்னாலும் சில நேரம் கெட்டதாத்தான் முடியுது. பிழை மஜ்த்துட இல்ல, அந்தப் பாதைட."

எனக்கு உடனே பதில் வரவில்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை.

இந்தச் சண்டையைப் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர் உம்மம்மா. "ஆரு அந்தப் புள்ள?" என்று கேட்டார். நூரைப் பற்றிச் சொன்னேன். கேமின் பெயரையும் கருத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாமியும் அப்பிடித்தான் சொல்லுவா, மகன்ட கையால மண் விழோணும் எண்டு" என்றார்.

உம்மம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி அங்கே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரண்டு மணித்தியாலம், அதற்குள் ஊரை விட்டுப் போக வேண்டும். அந்த நாட்களில் வடக்கிலிருந்து 70,000இற்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். இதை வாசிக்கும் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை, உங்கள் வீட்டிலும் ஒருவர் சொல்லியிருப்பார். உம்மப்பா அப்போது வியாபார விஷயமாகக் கொழும்பில் இருந்தார். உம்மாவுக்கு நான்கு வயது. கூடவே உம்மப்பாவின் தாயார், நடக்க முடியாத நோயாளி.

இதுவரை எனக்குத் தெரியும். மிச்சத்தை அன்றுதான் சொன்னார். எப்படியோ வவுனியா வந்து சேர்ந்திருக்கிறார்கள். சிலர் அங்கேயே தங்கினார்கள். புத்தளத்துக்கு ஒரு லொறி புறப்பட்டது. ஏறுவதா, நிற்பதா? கேட்க ஆளில்லை, போன் இல்லை. மாமிக்குக் காய்ச்சல். புத்தளத்தில் மருந்து கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். ஏறிவிட்டார். மூன்றாம் நாள் உம்மப்பா வவுனியாவுக்கு வந்து தேடியிருக்கிறார். பிறகு முகாம் முகாமாக அலைந்து, பதினோராம் நாள் புத்தளத்தில் கண்டுபிடித்தார். மாமி ஒன்பதாம் நாளே மௌத்தாகிவிட்டார். ஜனாஸாவைச் சுமந்தவர்கள் எல்லாரும் வேறூர் ஆட்கள்.

"ஒருக்கா நிண்டிருந்தா..." என்று சொல்லி உம்மம்மா நிறுத்தினார். உம்மப்பா இதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டதில்லையாம். கேட்டிருந்தால் நல்லது என்றார்.

நான் என்னவெல்லாமோ எழுதியிருக்கிறேனே, ஒரு தெரிவோடுதான் இருக்க வேண்டும், திரும்ப விளையாடக் கூடாது என்று. அப்படி முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கும் ஒருவர் எனக்கு முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தார். அதை அழகான விஷயம் என்று அந்த நேரத்தில் என்னால் சொல்ல முடியவில்லை.

நானா குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க நிண்டிருந்தாலும் அவவுக்கு வருத்தம் கூடித்தான் இருக்கும் உம்மம்மா. வவுனியாவில மருந்தும் கிடைச்சிருக்காது. உங்கட பிழை இல்ல" என்றார்.

"அது உனக்கெப்பிடி மகன் தெரியும்?" என்றார் உம்மம்மா. கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரித்தான் கேட்டார். 19 முடிவையும் பார்த்த நானாவிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.

அடுத்த நாள் காலை, நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தபோது, "அந்தப் புள்ள போய்ச் சேந்திட்டாளா?" என்று கேட்டார். நான் தயங்குவதைப் பார்த்த நானா, தன் போனை எடுத்து, நூர் நல்லபடியாகப் போய்ச் சேரும் முடிவைக் காட்டி, மெசேஜ்களைத் தமிழில் ஒவ்வொன்றாக வாசித்தார். உம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை கவனமாகக் கேட்டார்.

பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கம் பார்த்தார்.

"இது உன்ட நானாட புள்ள. உன்ட புள்ளைக்கு என்ன நடந்தது?"