மிளகாய் சொல்லும் பொய்

பச்சை மிளகாயைக் கடித்துவிட்டு, 'ஐயோ, வாய் எரியுதே!' என்று குதிக்கிறோம். உண்மையில் எதுவும் எரியவில்லை. நரம்பு ஏமாந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சூட்டை மூளைக்குத் தந்தியடிக்கும் நரம்பு செல்லின் சவ்வில் ஒரு கதவு உண்டு. சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் திறக்கும். மிளகாயிலுள்ள காப்சைசின் அதற்குக் கள்ளச்சாவி. கதவு திறந்ததும் கால்சியம் (எலும்பில் இருக்கும் அதே சமாசாரம்தான்) குபுகுபுவென்று உள்ளே பாய, 'தீ! தீ!' என்று சேதி போகிறது.

இதை 1997-ல் கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸ் கோஷ்டி பிடித்த விதம் அழகு. காரமே தெரியாத செல்களில் நரம்பின் ஜீன்களைக் கொத்துக் கொத்தாக ஏற்றி, கால்சியம் பட்டால் ஒளி மாறும் சாயத்தையும் போட்டு, மேலே காப்சைசினை விட்டார்கள். எந்தச் செல் மின்னியதோ, அதில் மாட்டியது ஜீன். ஜூலியஸுக்கு 2021 மருத்துவ நோபலில் பங்கு. (பறவைகளின் கதவுக்கு இந்தச் சாவி சேராது. கிளி மிளகாய்ப் பழத்தைக் கொய்யா மாதிரி தின்பது இதனால்தான்.)

எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். கால்சியம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் நரம்பு நுனி களைத்துப் பின்வாங்கிவிடுகிறது. பெரியப்பாவுக்கு அக்கி ஆறியும் வலி ஆறவில்லை. இரண்டு வருஷம் சட்டை உரசினாலே துடிப்பார். இப்போது அப்படிப்பட்டவர்களுக்கு 8 சதவீத காப்சைசின் பட்டையை ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் ஒட்டுகிறார்கள். சிலருக்கு மூன்று மாதம் வரை வலி குறைகிறது.

பெரியம்மா இதைப் படித்தால் உடனே அம்மியில் மிளகாய் அரைக்க உட்கார்ந்துவிடுவாள். வேண்டாம் பெரியம்மா, தோல் கொப்பளித்துவிடும்!