சுவடு பதித்த சகோதரியர்: பேகம் ருகையா

1905 ஆம் ஆண்டில், சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்தி வந்த ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்னும் ஆங்கில மாத இதழில் விந்தையானதொரு கதை வெளியாயிற்று. பெண்கள் ஆளும் நாடு அது. ஆடவர் வீட்டினுள் அடங்கியிருக்க, பெண்கள் வீதியில் அச்சமின்றி உலவுகின்றனர். பெண் அறிஞர்கள் சூரிய வெப்பத்தைத் திரட்டிச் சமைக்கின்றனர்; படையெடுத்து வந்த பகைவரையும் அவ்வெப்பத்தைக் கொண்டே விரட்டியடிக்கின்றனர். வானில் பறக்கும் ஊர்தியும் கதையில் உண்டு. ரைட் சகோதரர்கள் 1903 இல் விமானம் பறக்கவிட்டு அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன!

‘சுல்தானாவின் கனவு’ என்னும் அக்கதையை எழுதியவர், பீகாரின் பாகல்பூரில் வாழ்ந்த முஸ்லிம் இல்லத்தரசி ஒருவர். முறையாகப் பள்ளி சென்று பயின்றவரல்லர். பேகம் ருகையா ஸகாவத் ஹுசைன் என்பது அவர் பெயர். வங்க மொழியின் முன்னோடி நாவலாசிரியை, மொழிபெயர்ப்பாளர், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பள்ளிக்கூடத்தின் தாய்.

இன்று வங்காள தேசத்தில் உள்ள ரங்பூர் மாவட்டத்துப் பைராபந்த் என்னும் சிற்றூரில், 1880 இல் ஜமீன் குடும்பமொன்றில் பிறந்தார். அவ்வீட்டில் அரபியும் பார்ஸியும் உருதுவும் உயர்குடி மொழிகள். வங்காளமோ பாமரர் மொழி. பெண்மக்கள் அதைக் கற்பது இழுக்கென்று கருதினர். களவாக வங்காளம் படித்த மூத்த சகோதரி கரீமுன்னிஸாவின் படிப்பு நிறுத்தப்பட்டு, விரைவில் மணமும் முடித்து வைக்கப்பட்டது. தம்பிக்கும் தங்கைக்கும் இல்லாத அச்சம் மூத்தவர்களுக்கு எப்போதும் உண்டு என்பார்கள். இங்கே மூத்தவளே முதலில் துணிந்தாள்! தமையனார் இப்ராஹீம் ஸாபிர், வீடு உறங்கிய பின் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தங்கை ருகையாவுக்கு ஆங்கிலமும் வங்காளமும் கற்பித்தார்.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பகுதிகளில் இல்லத்தில் தக்னி உருதுவும் கடைவீதியில் தமிழும் பேசி வாழும் நம் குடும்பத்தார்க்கு இந்த இருமொழி வாழ்க்கை புதிதன்று. எம்மொழி நம் மொழி என்னும் கேள்விக்கு ருகையா அம்மையார் தம் எழுத்தாலேயே விடை தந்தார். கணவர் உருது பேசுபவர்; ஆயினும் அம்மையார் எழுதியது தாம் பிறந்த மண்ணின் மொழியில். ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவை’த் தாமே வங்காளத்தில் பெயர்த்தார். மேரி கொரெல்லி என்னும் ஆங்கில நாவலாசிரியை, கணவனால் வஞ்சிக்கப்பட்ட எழுத்தாளப் பெண்ணொருத்தியைப் பற்றி எழுதிய நாவலையும், வங்கப் பெண்டிர் தம் நிலையோடு ஒப்பிட்டு உணரும் வண்ணம் சுருக்கித் தழுவித் தந்தார்.

1924 இல் வெளிவந்த ‘பத்மராக்’ அவருடைய நாவல். ‘தாரிணி பவனம்’ என்னும் புகலிடம் கதைக்களம். முஸ்லிம், இந்து, பிரம்ம சமாஜி, கிறிஸ்தவர் எனப் பல சமயப் பெண்கள் அங்கே கூடி வாழ்ந்து, பள்ளியும் தொழிற்கூடமும் நடத்துகின்றனர். கதைத் தலைவி சித்தீக்கா, தன்னை விரும்பும் நல்லவனைக் கூட இறுதியில் மணக்க இசையவில்லை. சொத்தைக் காட்டி அவளுடைய திருமணத்தை ஒருமுறை முறித்தவர்கள் அவன் குடும்பத்தார். சீர்வரிசைக்காக முறிந்த திருமணங்களைக் கண்ட நம் வீடுகளில் இந்நாவல் நன்றாகவே புரியும். முடிவு சிலருக்குக் கசக்கலாம். எனக்கு அதுவே சரியெனப் படுகிறது.

நம் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள், உ.வே.சாமிநாதையரின் மதிப்புரையோடு ‘காதலா? கடமையா?’ நாவலை வெளியிட்டது 1938 இல். ருகையா அம்மையாரின் நாவல் வந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.

கணவர் ஸகாவத் ஹுசைன் பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். மனைவியின் எழுத்தை ஊக்கிய பெருந்தகை. பெண்கல்விக்கென்றே பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்துவிட்டு 1909 இல் காலமானார். பெற்ற பெண்மக்கள் இருவரும் சிசுப் பருவத்திலேயே இறந்திருந்தனர். தனித்து நின்ற அம்மையார் அவ்வாண்டே ஐந்து மாணவியரோடு பாகல்பூரில் பள்ளி தொடங்கினார். குடும்பச் சொத்துத் தகராறு அவரை அங்கே இருக்கவிடவில்லை. கல்கத்தா சென்று, 1911 மார்ச் 16 அன்று வலியுல்லாஹ் சந்தில் எட்டு மாணவியரோடு ‘ஸகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி’யை மீண்டும் தொடங்கினார்.

பாடம் நடத்துவது அவருக்குப் பெரும்பாடாக இல்லை. பிள்ளைகளை வீட்டிலிருந்து பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் மன்றாடினார். பர்தாவுக்குப் பங்கம் வாராதென வாக்களித்தார். அதற்கென மோட்டார் பஸ் ஒன்றும் ஏற்பாடாயிற்று. நாற்புறமும் அடைத்த வண்டி. காற்று வரச் சிறிதே இடைவெளி. உள்ளிருந்த சிறுமியர் இருட்டிலும் புழுக்கத்திலும் அழுதனர், வாந்தியெடுத்தனர், மயங்கினர். சன்னலைத் திறந்து திரைச்சீலை போட்டார்கள். உடனே, காற்றில் திரை அசைகிறது, பர்தா போயிற்று என்று மிரட்டல் கடிதங்கள் வந்தன! திறந்தாலும் குற்றம், அடைத்தாலும் குற்றம். 1931 இல் நூலாக வந்த ‘அபரோத்வாசினி’யில் அம்மையார் இதை நகைச்சுவையோடு எழுதியுள்ளார். நாற்பத்தேழு நிகழ்ச்சிகளின் தொகுப்பு அது. கியூல் ரயில் நிலையத்தில் புர்கா தடுக்கி வண்டிக்கும் நடைமேடைக்கும் இடையே விழுந்த உறவுக்காரப் பெண்மணியை, அந்நியர் தொடலாகாதென்று யாரையும் தூக்கவிடாமையால் அவர் நசுங்கி உயிரிழந்த நிகழ்ச்சியும் அதில் உண்டு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்மையார் புர்காவைப் பழித்தவரல்லர். தாமே அணிந்தவர், அதனை ஆதரித்துக் கட்டுரையும் எழுதியவர். பெண்ணைப் பூட்டி வைப்பது வேறு, பர்தா வேறு என்பதே அவர் வாதம். அவரைத் தீனின் எதிரியாகக் காட்டுவோரும், மேனாட்டுப் பெண்ணியவாதி போல் காட்டுவோரும் அவர் எழுத்தைப் பொறுமையாகப் படித்தவர்களாகத் தெரியவில்லை.

அந்த பஸ்ஸை நினைக்கும்போது கல்வராயன் மலை நினைவுக்கு வருகிறது. 2019 இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே, மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் மலை அது. அங்கே அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. மேற்படிப்பை நாடும் பெண்பிள்ளையோ வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையிறங்கி வரவேண்டும். சமவெளியில் வாழும் நம் பெண்மக்கள் நிலையும் இதனின்று வெகுவாக வேறுபட்டதன்று. பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளை வீட்டில் அமர்ந்துவிடுகிறாள். காரணம் கேட்டால், “அவ்வளவு தூரம் எப்படித் தனியே அனுப்புவது?” என்கிறார் தாய். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்று உயர்கல்வியில் சேரும் பெண்ணுக்கு, 2022 இல் தொடங்கிய ‘புதுமைப் பெண்’ திட்டத்தின் கீழ் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. பணத்துக்கு ஓரளவு வழி பிறந்துள்ளது. பாதைக்கு வழி காண்பது நம் பொறுப்பு.

1932 டிசம்பர் 9 அன்று அம்மையார் கல்கத்தாவில் காலமானார். பெண்ணுரிமை பற்றி முதல்நாள் இரவு எழுதிய கட்டுரை முற்றுப்பெறாமல் மேசைமேல் கிடந்தது. அல்லாஹ் அவருடைய கப்றை ஒளிமயமாக்குவானாக! அவர் தொடங்கிய பள்ளி இன்று கொல்கத்தாவில் அரசுப் பள்ளியாக நடைபெறுகிறது.

கள்ளக்குறிச்சி வட்டாரத்து ஜமாஅத் நிர்வாகிகள் அடுத்த கூட்டத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தம் மஹல்லாவில் கல்லூரிக்குச் செல்ல வேண்டிய பெண்பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களை அழைத்துச் செல்லவும் திரும்பக் கொணரவும் ஒரு வேனுக்கு மாத வாடகை என்ன? சன்னலில் திரை வேண்டுமா வேண்டாமா என்பதை அப்பிள்ளைகளையே கேட்டு முடிவு செய்யட்டும்.