கை கால் போனவரின் செலவுக் கணக்கை யார் போடுவது?



நெல்லுக்கு விலை கேட்டுப் போராடும்போது நாம் என்ன சொல்கிறோம்? உழவு, விதை, உரம், ஆள் கூலி எல்லாவற்றையும் கணக்குப் போடு, அதற்கு மேல் பாதி சேர்த்துக் கொடு என்கிறோம். எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையமும் 2006ல் அதைத்தான் பரிந்துரைத்தது. செலவைப் பார்க்காமல் போடுகிற விலை விலையே இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகைக்கும் இதே நியாயம்தான்.

"இது நம்ம பிரச்சனையா?" என்று சிலர் கேட்கலாம். கதிரடிக்கும் மிஷினில் கை போனது யாருக்கு? தென்னையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தது யாருக்கு? நம்ம ஆட்களுக்குத்தானே! உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் ஒரு தரம் பணம் வரும். செலவு ஆயுசுக்கும் வரும்.

ஒரு ஏக்கர் வைத்திருப்பவருக்குக் கால் போய்விட்டால் வரப்பு வெட்ட, மருந்தடிக்க, தண்ணி கட்ட எல்லாவற்றுக்கும் கூலி ஆள் வேண்டும். படி உயரமான பஸ்ஸில் ஏற முடியாது, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோதான். கூடப் போகிற மனைவிக்கு அன்றைய கூலி போச்சு. படுத்த படுக்கை என்றால் மூத்திர டியூபும் பையும் மாதா மாதம் வாங்கணும். வரும்படி குறைகிறது, செலவு ஏறுகிறது. தாலுகா ஆபீஸில் கேட்பது வருமானச் சான்று. செலவுச் சான்றை எவரும் கேட்பதில்லை.

மத்திய அரசின் கணக்கைப் பாருங்கள். இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்தை 2012ல் மாதம் 300 ரூபாய் ஆக்கினார்கள். பத்து வருசம் தாண்டியும் அதே 300தான் நின்றது. நாளைக்குப் பத்து ரூபாய்! அதற்கும் 80 சதவீத ஊனம் வேண்டுமாம். 40 சதவீதம் இருந்தாலே உரிமை உண்டு என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறதே, அது எங்கே போயிற்று?

அதே சட்டத்தின் 24ஆவது பிரிவு, மற்றவர்களுக்குத் தருவதைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தரவேண்டும் என்கிறது. தமிழக அரசு 2023 ஜனவரியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 1500 ஆக்கியது. ஆகஸ்டில் முதியோருக்கு 1200 ஆக்கியது. வித்தியாசம் 300 ரூபாய், சரியாக 25 சதவீதம். சட்டம் குறைந்தபட்சம் என்று சொன்னதையே அரசு அதிகபட்சமாக்கிவிட்டது. ஒரு தரம் ஆட்டோவில் டவுனுக்குப் போய்வந்தால் அந்த 300 மிஞ்சுமா?

"நிதி இல்லை" என்பார்கள். சட்டத்திலும் "பொருளாதார வசதிக்கு உட்பட்டு" என்று ஒரு வார்த்தையைப் போட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்து ஆந்திராவில் 2024ல் 3000த்தை 6000 ஆக்கினார்கள். முழுக்கப் படுக்கையில் கிடப்பவர்களுக்கு 15,000 என்று அறிவித்தார்கள். நம்மைவிட அவர்கள் பணக்கார அரசா?

எனவே நாம் கேட்கிறோம்:

* உதவித்தொகையைச் செலவுக் கணக்குப் பார்த்து நிர்ணயம் செய்! ஆந்திராவுக்குச் சமமாகவாவது கொடு!
* மத்திய அரசே, 300ஐ உயர்த்து! 80 சதவீத நிபந்தனையை 40 ஆக்கு!
* பராமரிப்பவர்களுக்கான உதவித்தொகையை, சட்டம் சொன்னபடி தகுதியுள்ள எல்லோருக்கும் வழங்கு!
* விவசாய நிலம் ஒதுக்கும் திட்டங்களில் 37ஆவது பிரிவு சொல்லும் 5 சதவீதத்தை ஒதுக்கு!
* சான்றிதழ் முகாமைக் கிராமத்துக்கே கொண்டுவா!

கிராம சபையில் தீர்மானம் போடுவோம். ஜமாபந்தியில் மனு கொடுப்போம். கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் தண்ணீரும் உரமும் பேசும்போது இதையும் பேசுவோம். உங்கள் தெருவில் வெளியே வர முடியாமல் கிடப்பவர் வீட்டுக்குப் போங்கள். அவர் மாதச் செலவை ஒரு தாளில் எழுதி வாங்கி வாருங்கள். அந்தத் தாள்கள்தான் நம் மனுக்கள்.

திரண்டு வாரீர்!