ஒட்டுவதா, மாற்றுவதா?

உத்தரகோசமங்கைக்குத் தெற்கே, 1974ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தமிழ்நாடு உப்புக் கழகத்தின் வாலிநோக்கம், மாரியூர் அளங்களிலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வரும் லாரிகளும், சீமைக்கருவேலத்தை வெட்டிச் சுட்ட கரியையும் முண்டு மிளகாய் வற்றலையும் சுமந்து செல்லும் லாரிகளும் இல்லையென்றால், மழையை நம்பி ஒருபோகம் விளைவிக்கும் இந்த வறண்ட சீமையில் பல குடும்பங்களின் ஜீவனம் நடவாது. அந்த லாரிகளில் பல, கடன் வாங்கி ஒரே வண்டி வைத்துப் பிழைப்பவர்களுடையவை. அப்படிப்பட்ட ஒருவருடைய வண்டியின் டயரில் வெட்டு விழுந்துவிட்டால், அதை ஒட்டிப் போட்டு ஓட்டுவதா, கழித்துவிட்டுப் புதிது வாங்குவதா என்ற கேள்வி, இருபதாயிரம் ரூபாய்ச் செலவை நெஞ்சில் வைத்துக்கொண்டே கேட்கப்படுகிறது. அவர் எடுக்கும் முடிவு எதிரே வரும் பேருந்தில் அமர்ந்திருப்பவர்களின் உயிரையும் தொடுவதால், அதை அவருடைய சொந்த விவகாரமென்று ஒதுக்கிவிடாமல் பொதுக் காரியமாகவே கருதி ஆராய வேண்டும்.

ஒட்டுப்போட்ட டயரென்றாலே முகம் சுளிக்கும் வழக்கம் இப்போது பெருகிவருகிறது. அதை நான் ஏற்பதற்கில்லை. ஜப்பானியர் 1942இல் மலேயாவைக் கைப்பற்றியதால் அந்நாட்டு ரப்பர் உலகச் சந்தைக்கு வருவது அற்றுப்போன அந்த யுத்த காலத்தில், மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் பெட்ரோலுக்குப் பதிலாகக் கரிவாயுவால் வண்டியை ஓட்டும் கருவியைச் செய்ததோடு, தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் போடும் தொழிலையும் மேற்கொண்டார். திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்து தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி, புது டயர் வார்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1952இல், ரீட்ரெட் ரப்பர் செய்யும் துறையில்தான் இறங்கியது. தென்னாட்டு டயர்த் தொழிலின் பெருமையில் பழுதுபார்க்கும் கைகளுக்கும் உரிய பங்குண்டு. சரீரம் கெடாத டயரைத் தேய்மானம் ஒன்றுக்காகவே எறிந்துவிடுவது, இரப்பர்த் தோட்டத்துப் பாலையும் பூமிக்கடியிலுள்ள எண்ணெயையும் ஒருங்கே விரயம் செய்வதாகும்.

ஆனால் எது சரீரம், எது மேற்பூச்சு என்று பிரித்தறியும் விவேகம் இல்லாத இடத்தில் சிக்கனம் அபாயமாக மாறிவிடுகிறது. உத்தரகோசமங்கை மங்களநாதர் கோயிலில் 2025 ஏப்ரலில் குடமுழுக்கு நடந்தேறியதை நம் மாவட்டம் கண்டது. அத்தகைய திருப்பணிகளில் ஜீர்ணோத்தாரணம் என்று ஆகமங்கள் வகுத்த முறையொன்று உண்டு. உபாங்கம் சிதைந்திருந்தால் செப்பனிட்டுக்கொள்ளலாம். பிரதான அங்கமே பின்னமாகிவிட்டால், எவ்வளவு மதிப்புடையதாயினும் அகற்றியே தீர வேண்டும் என்பது அதன் சாரம். டயருக்கும் இதே நியாயந்தான் பொருந்தும். சாலையைத் தொடும் பட்டன் பகுதியில் ஆணியோ கருவேல முள்ளோ ஏறிய துளை, பெருவிரல் நகத்தளவுக்கும் குறைவாக, ஏறத்தாழ 10 மில்லிமீட்டருக்குள் இருக்குமானால், முறைப்படி அடைத்து அச்சமின்றி ஓட்டலாம். பக்கச்சுவரோ, ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து பாரத்தைத் தாங்கும் இடமாதலால், அங்கே இழைகளை அறுத்த காயம் சிறிதாயினும் கொடிது. தக்க கருவிகளும் தேர்ச்சியும் உள்ள பட்டறைகூட ஓரளவுக்குட்பட்ட காயத்தையே எடுத்துக்கொள்ளும். ரிம்மைக் கவ்விப்பிடிக்கும் விளிம்பிலுள்ள கம்பிவளையம் முறுக்கிக்கொண்டாலும் அறுந்தாலும், அந்த டயரைப் பற்றி மேற்கொண்டு பேசுவதற்கு ஒன்றுமில்லை.

கண்ணுக்குத் தெரியாத காயமும் உண்டு. பின்பக்கத்து ஜோடிச் சக்கரங்களில் ஒன்றில் காற்று இறங்கிவிட்டால், அதன் பாரத்தையும் துணைச் சக்கரமே சுமந்துவிடுவதால், ஓட்டுநருக்கு நெடுந்தூரம் வரை ஒன்றும் தெரிவதில்லை. காற்றில்லாமல் ஓடிய டயரின் பக்கச்சுவரிலுள்ள எஃகுக் கம்பிகள் உள்ளுக்குள்ளேயே முறிந்துபோய், வெளியே ஓர் அடையாளமும் காட்டாமல் இருக்கும். மறுபடியும் காற்றடிக்கும்போது, சுவர் நீளவாக்கில் கிழிந்து, அருகில் நிற்பவரைத் தூக்கி எறிந்துவிடும்.

கவனமுள்ள பஞ்சர்க்காரர் வேலை செய்வதைச் சற்று நின்று பார்த்தால் இந்த விவேகம் பிரத்தியட்சமாக விளங்கும். வண்டி எந்த நிலையில் எவ்வளவு தூரம் ஓடியதென்று முதலில் விசாரித்துவிட்டு, டயரை ரிம்மிலிருந்து முழுவதும் கழற்றி, உட்புறத்தைத் துடைத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்துச் சுற்றிலும் பார்க்கிறார். நிறம் மாறிய வளையமோ, சுருக்கமோ, உதிர்ந்த ரப்பர்ப் பொடியோ தென்பட்டால் காற்றில்லாமல் ஓடிய டயரென்று கண்டுகொள்கிறார். பக்கச்சுவரை அமுக்கி, உள்ளே நொறுநொறுவென்ற சத்தம் கேட்கிறதா என்று செவிகொடுக்கிறார். டயர் தேறுமென்று தெரிந்த பின்னரே துளையைச் சீவி, ரப்பரால் நிரப்பி, உட்புறத்தைத் தேய்த்து, பசை உலர்ந்ததும் ஒட்டை வைத்து, சூடேற்றி வல்கனைஸ் செய்கிறார். அவசரக்காரர்கள் செய்விப்பது வேறு: நைலான் டயரானால் டியூபை மட்டும் ஒட்டிவிட்டு டயரின் துளையை அப்படியே விட்டுவிடுவது; டியூப்லெஸ் டயரானால் வெளியிலிருந்து ஒரு திரியைச் செருகி அனுப்பிவிடுவது. பட்டறை வரை போய்ச்சேர உதவுவதை மாதக்கணக்கில் நம்புவதுதான் பிழை.

இந்தக் கடற்கரைக்கே உரிய ஒரு சத்துருவும் உண்டு, அது உப்பு. பட்டனில் விழுந்த வெட்டு எஃகுப் பட்டையை எட்டிவிட்ட டயர், அளத்தின் உப்புநீரில் ஓடியும், ஈர உப்பு ஏற்றிய வண்டியிலிருந்து சொட்டும் நீரில் நனைந்தும் வரும்போது, துரு கம்பி வழியே ரப்பருக்கடியில் பரவிச் செல்கிறது. மேலே விரல்நகக் கீறலாகத் தெரிவது, உள்ளே உள்ளங்கையளவு பிரிந்துபோயிருக்கும். சித்திரை வெயிலில், அதிபாரத்தோடு, மணிக்கணக்கில் ஓடும்போதுதான் அந்தப் பட்டை கழன்று பறக்கிறது. உள்நாட்டில் ஒரு வாரம் பொறுக்கக்கூடிய வெட்டு, வாலிநோக்கம் வண்டிக்கு ஒருநாளும் பொறாது. கம்பி தெரியும் காயத்தை அன்றைக்கே சுத்தம் செய்து மூட வேண்டும். துரு ஏறிவிட்டதென்றால் ஒட்டுவதைப் பற்றிய ஆலோசனையை அதோடு விட்டுவிட வேண்டும்.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, லாரி டயரின் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாதென்று விதிப்பதோடு, இழை வெளியே தெரியும் டயரையும், புடைத்த டயரையும், வல்கனைஸ் செய்யாமல் வெளியே ஒட்டுப்போட்ட டயரையும் நல்ல நிலையிலுள்ளதாகக் கொள்வதில்லை. அருகிலுள்ள பழுதுபார்க்கும் இடம் வரை செல்லத் தற்காலிக ஒட்டை மட்டும் அனுமதிக்கிறது. பேருந்துகளின் முன்சக்கரத்தில் ரீட்ரெட் டயர் கூடாதென்று அமெரிக்காவில் விதி வகுத்திருக்கிறார்கள். பின்னால் ஒரு டயர் வெடித்தால் அதன் துணை ஒருவாறு தாங்கிக்கொள்ளும். முன்னால் வெடித்தாலோ ஸ்டீயரிங் கையை விட்டுப் போய்விடும். ஆகையால் நம் லாரிக்காரர்களும், பெரிய காயம் ஆறிய டயரைப் பின்னாலும், காயமே படாத டயரை முன்னாலும் போடுவதை மாறாத விரதமாகக் கொள்ள வேண்டும்.

உபதேசம் மட்டும் ஏழை வண்டிக்காரருக்கு டயர் வாங்கித் தராது என்பதை நான் அறிவேன். ஆகையால் சமூகமும் சர்க்காரும் செய்யத்தக்கவை சில உண்டு. பாரம் ஏற்றிய லாரி எப்படியும் ஏறி இறங்கும் எடைமேடையிலேயே, விளக்கும் ஆழமானியும் கொண்ட ஒருவர் டயர்களையும் பார்த்து அனுப்பும் ஏற்பாட்டை உப்புக் கழகமும் வியாபாரிகளும் லாரி உரிமையாளர் சங்கங்களும் கூடிச் செய்யலாம். வெட்டுப்பட்ட டயரோடு வந்த வண்டிக்கு அன்றைய நடை போய்விடாமல், பழுது தீர்த்து வரும் வரை அதன் முறையை வைத்திருப்பதும் அந்த ஏற்பாட்டின் பகுதியாக வேண்டும். சாலையோரத்துப் பஞ்சர் கடைக்காரர்களுக்கு அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் குறுகிய காலப் பயிற்சியும், காற்றடிக்கும்போது டயரை அடைத்துவைக்கும் இரும்புக்கூண்டும் வல்கனைஸ் கருவியும் வாங்க முத்ரா போன்ற திட்டங்களில் கடனும் கிடைக்கச் செய்தல் அவசியம். புது டயருக்கான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பரில் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது நல்ல காரியமே; அதோடு, நடை வருமானத்தில் சிறிது சிறிதாகத் திருப்பிச் செலுத்தும் டயர்க் கடனைக் கூட்டுறவு வங்கிகள் வழங்குமானால், புதிதாக வாங்க வேண்டிய டயரை ஒட்டிப் போடத் தூண்டும் நிர்ப்பந்தம் பெரிதும் நீங்கும்.

கழித்த டயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருவர் அபாயமென்று கழற்றியதை, அவரினும் எளியவர் அரைவிலைக்கு வாங்கித் தம் டிராக்டர் டிரெய்லரில் பூட்டுவாரானால், அபாயம் இடம் மாறியதேயன்றி ஒழிந்ததில்லை. பழைய டயர்களை முறைப்படி மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது 2022ஆம் ஆண்டு விதிகள் சுமத்தியிருக்கின்றன. தேறாதென்று முடிவான டயரின் பக்கச்சுவரை அங்கேயே அறுத்துவிட்டுத்தான் கடையை விட்டு அனுப்புவதென்று ஒவ்வொரு பஞ்சர் கடையும் உறுதி பூண்டால், அந்த விதிக்கு உயிர் உண்டாகும்.

பழுதுபார்ப்பது கருமித்தனமுமன்று, புதிது வாங்குவது ஆடம்பரமுமன்று. இரண்டில் எது வேண்டுமென்பதைக் காயத்தின் இடமும் ஆழமும் பூட்டப்போகும் சக்கரமும் தீர்மானிக்கட்டும். கையிலுள்ள பணம் தீர்மானிக்கும்படி ஓர் ஏழை வண்டிக்காரரை விட்டுவிட்டு, விபத்து நேர்ந்த பின் அவரை மட்டும் குற்றவாளியாக நிறுத்துவது நியாயமாகாது.