கடலுக்குப் போகும் நீர் வீணல்ல

மோர்தானா அணை நிரம்பி, கவுண்டன்ய நதியில் வெள்ளம் புரளும் ஒவ்வொரு முறையும் குடியாத்தத்தில் ஒரு ஆதங்கம் எழுகிறது: இவ்வளவு நீரும் பாலாறு வழியே கடலில் வீணாகிறதே! கோடையில் குடங்களோடு காத்திருக்கும் ஊருக்கு அந்த ஆதங்கம் இயல்பு. ஆனால், அதைக் காட்டி வழிநெடுகத் தடுப்பணை கேட்பதை நாம் ஏற்கவில்லை.

வாயலூர் அருகே பாலாறு கடலைத் தொடும் இடத்தில், அலைகள் ஓயாமல் மணலைக் குவித்து முகத்துவாரத்தை மேடாக்குகின்றன. அதை அறுக்கும் வலு ஆற்றின் ஓட்டத்துக்கே உண்டு. ஓட்டம் நின்றால் வாய் அடைபடும். உள்ளே தேங்கிய உவர்நீர் வெயிலில் வற்ற வற்ற உப்பு ஏறும். கடலுக்கும் கழிமுகத்துக்கும் போய்வந்து வளரும் இறாலுக்கும் மடவைக்கும் வழி இருக்காது. பழவேற்காட்டு மீனவர்கள் முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லிப் பல ஆண்டுகளாகப் போராடுவதும் இதற்காகத்தான். ஒடிசாவின் சிலிகா ஏரியில் 2000-இல் புதிய வாய் வெட்டிய பிறகே மீன்வளம் மீண்டது.

பாலாற்றை முடக்கியவை பல. கர்நாடகத்தில் பேத்தமங்கலம் ஏரி, ஆந்திர எல்லையில் 2016-இல் உயர்த்தப்பட்ட புல்லூர் தடுப்பணை. இவற்றைச் சொல்லும் நாம்தான் நம் மாவட்டத்தில் ஆற்றுமணலைச் சுரண்டவிட்டோம். தோல் தொழிற்சாலைக் கழிவின் உப்பைக் கழுவிச் செல்ல நீரில்லாததால் அது படுகையிலும் கிணறுகளிலும் தங்கியது. இந்த மாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும், பாதிக்கப்பட்டோரின் இழப்பீட்டுக்காக 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மீண்டும் தலையிட வேண்டியிருந்தது.

இப்போது பருவநிலை மாற்றம் இரு பக்கமும் நெருக்குகிறது. வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சுமார் 3.3 மில்லிமீட்டர் உயர்ந்தது. மழையோ சில நாட்களில் கொட்டித் தீர்க்கிறது. 2021 நவம்பர் மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் மாண்டதையும், கவுண்டன்யக் கரை வீடுகளில் வெள்ளம் புகுந்ததையும் மறக்க முடியுமா? பல மாதம் வறண்டு, ஒரு வாரம் சீறும் ஆற்றால் முகத்துவாரத்தை ஆண்டு முழுதும் திறந்து வைக்க முடியாது. வாயலூர் தடுப்பணை உப்புநீர் உள்ளே ஏறுவதைத் தடுக்கிறது, அது தேவைதான். ஆனால் மேலிருந்து வராத ஓட்டத்தை அதனால் ஈடுசெய்ய இயலாது.

நமக்கும் நீர் வேண்டும். ஆற்றை மறிப்பதைவிட, நெல்லூர்பேட்டை ஏரி போன்றவற்றின் வரத்துக்கால்களைச் சீராக்கி வெள்ளக் காலத்தில் நிரப்புவதே நல்லது. கவுண்டன்யக் கரையில் அகற்றிய ஆக்கிரமிப்புகள் திரும்பவும் முளைக்கவிடக் கூடாது. மணல் அள்ளுவதற்கு எந்தப் பெயரிலும் இடம் தரக் கூடாது. மோர்தானா முதல் வாயலூர் வரை எந்த மாதத்தில் எவ்வளவு நீர் ஓட வேண்டும் என்று நீர்வளத் துறை கணக்கிட்டு வெளியிட வேண்டும். அதுவரை பாலாற்றுப் படுகையில் புதிய தடுப்பணை எதற்கும் அரசு ஒப்புதல் தரக் கூடாது.